தரைக்கு ஏற்றது கடலுக்கு ஏற்குமா?

சென்ற தவணையில் எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் மன்றத்தில் ஒரு விவாதம் நிகழ்ந்தது. "பெற்றோலில் மதுசாரம் கலத்தல் இந்நாட்டுக்கு உகந்ததே" என்பது விவாதப் பொருள். விஞ்ஞானம் கற்பிப்பவன் என்ற காரணத்தால் நடுவர் ஆசனம் எனக்கு வாய்த்தது. ஒட்டிப் பேசிய மாணவன் நன்கு ஆயத்தம் செய்து வந்திருந்தான். "பாக்கு நீரிணைக்கு அப்பால் உள்ள பாரதத்தில் 20 வீதம் எதனோல் கலந்த பெற்றோலிற் கோடிக்கணக்கான வண்டிகள் ஓடுகின்றன. அவர்களுக்கு ஆனது எமக்கு ஏன் ஆகாது?" என்று அவன் முழங்கியபோது மண்டபம் கைதட்டலால் அதிர்ந்தது. அடுத்து எழுந்தவள் ஒரு கடற்றொழிலாளியின் மகள். அவள் நீண்ட பேச்சொன்றும் பேசவில்லை. "வண்டி வழியில் நின்றால் இறங்கித் தள்ளலாம். எங்கள் அப்பாவின் படகு நடுக்கடலில் நின்றால் யார் தள்ளுவது?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தாள்.

சபை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. புள்ளிக் கணக்கின்படி வெற்றி ஒட்டிய அணிக்கே சென்றது. ஆயினும் அந்தப் பெண்ணின் கேள்வி என்னுடன் வீடுவரை வந்து, பல நாள் என்னை விட்டகலாது நின்றது. அக்கேள்விக்கு விடை தேடிய முயற்சியே இக்கட்டுரை.

இது வீண் ஆராய்ச்சியன்று. 2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாம் வீதியில் இரவு பகலாய்க் காத்து நின்ற காட்சியை எவரும் மறந்திருக்க மாட்டார். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோர்க்கு எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டது. கடற்றொழிலாளர் மண்ணெண்ணெய் கிட்டாது படகுகளை மணலில் ஏற்றிவிட்டு இருந்தனர். அவ்வாண்டு ஓகஸ்ட் 22 ஆந் திகதி முதல் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. இத்தகைய அனுபவம் பெற்ற ஒரு நாடு, கப்பலில் வரும் எண்ணெயை மட்டும் நம்பியிராது வேறு வழி நாடுவது இயல்பே. வழி நாடுவதில் எனக்கு மாறுபாடில்லை. எவ்வழி, எந்த எஞ்சினுக்கு, யாருடைய செலவில் என்பதே என் வினா.

நாம் முன்னரே கற்ற பாடம்

மாற்று எரிபொருள் என்றதும் பிரேசிலையும் அமெரிக்காவையும் பற்றிப் பேசுகிறோம். ஆனால், அப்பாடத்தை யாழ்ப்பாணத்தார் தம் கையாலேயே ஒருமுறை கற்றவர்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோலும் டீசலும் அடங்கின. நான் அப்போது உயர்தர வகுப்பு மாணவன். எங்கள் அயலில் ஓடிய மோட்டார்ச் சைக்கிள்களும் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றிற் பொன்போற் காத்து வைத்த பெற்றோலை இரண்டு துளி காபரேற்றரிற் பீச்சி உதைப்பார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் அதனை ஏற்றுக்கொள்ளும். டீசல் எஞ்சின்களுக்கு மண்ணெண்ணெயுடன் சமையல் எண்ணெய் கலந்து ஊற்றினார்கள். வீதியெல்லாம் வடை சுட்ட மணம் வீசும்.

அக்காலத்து நம் திருத்துநர்களின் திறமையை இன்று நினைப்பினும் வியப்பாக இருக்கிறது. மண்ணெண்ணெய் குளிரில் எளிதில் ஆவியாகாது. அழுத்தம் மிகுந்த சிலிண்டரில் உரிய கணத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சினைத் தட்டும். இதனை நூலிற் படித்தறியாத ஒரு திருத்துநர், என் மாமாவின் காரிற் சிலிண்டர்த் தலைக்கடியில் இரண்டாவது கஸ்கற் ஒன்றை வைத்து அழுத்தத்தைக் குறைத்தார். தட்டல் அடங்கியது. கார் ஓடியது. ஆனால், அந்தக் கார் கொடுத்த விலையையும் நான் கண்டேன். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி உராய்வெண்ணெயை நீர்க்கச் செய்தது, கரி படிந்தது, வால்வுகள் தீய்ந்தன. சில ஆண்டுகளில் அந்த எஞ்சின் பழுது பார்க்கவும் தகுதியற்றுப் போயிற்று.

'ஓடுகிறது' என்பது வேறு. 'உகந்தது' என்பது வேறு. வேறு வழியற்றவன் எதையும் ஊற்றி ஓட்டுவான். அதனை ஒரு நாட்டின் கொள்கையாக்க முனைவோர், சில ஆண்டுகளின்பின் எஞ்சின் என்னாகும் என்பதையும் சொல்ல வேண்டும்.

மதுசாரத்தின் குணமும் குறையும்

எதனோலை வசை பாடுவது என் நோக்கமன்று. அதற்குச் சிறந்த குணங்கள் உண்டு. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் ஆண்டுதோறும் வடித்தெடுக்கலாம். பெற்றோலைவிட ஒக்ரேன் எண் கூடியதாகலின் எஞ்சினைத் தட்டவிடாது. ஆவியாகும்போது வெப்பத்தை மிகுதியாக உறிஞ்சிச் சிலிண்டரைக் குளிர்விக்கும். அதற்கெனவே வகுத்த எஞ்சினில் அது நன்றாக உழைக்கும்.

குறையும் உண்டு. ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 32 மெகா ஜூல் சக்தி இருக்க, ஒரு லீற்றர் எதனோலில் 21 மெகா ஜூல் அளவே இருக்கிறது. 20 வீதம் கலந்தால், தாங்கி நிரம்பியிருந்தும் அதனுள் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய 7 வீதம் குறைந்துவிடும். பாரத அரசின் நிதி ஆயோக் 2021 இல் வெளியிட்ட திட்ட அறிக்கையும் இதனை மறைக்கவில்லை. பழைய முறையில் அமைந்த நான்கு சில்லு வண்டிகளில் 6 முதல் 7 வீதமும், இரு சில்லு வண்டிகளில் 3 முதல் 4 வீதமும் எரிபொருட் சிக்கனம் குறையலாம் என அது மதிப்பிட்டது. புதிய எஞ்சின்களில் இழப்பு மிகச் சிறிது. புகைபோக்கியில் ஒட்சிசன் உணரி பொருத்திய புதிய கார், கலப்பை அறிந்து தன் ஊட்டத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். காபரேற்றர் பூட்டிய பழைய எஞ்சினுக்கு அந்த அறிவில்லை. அது எரிபொருள் குறைந்த கலவையில் ஓடிச் சூடாகும். பழைய றப்பர்க் குழாய்களும் அடைப்புகளும் மதுசாரத்தில் ஊறிப் பழுதாகும்.

பிரேசில் இவ்வழியில் அரை நூற்றாண்டு நடந்த நாடு. 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப்பின் 1975 இல் அந்நாடு மதுசாரத் திட்டத்தைத் தொடங்கியது. 1979 இல் முழு மதுசாரத்தில் ஓடும் கார் விற்பனைக்கு வந்தது. 2003 இல் எந்தக் கலப்பையும் ஏற்கும் கார் வந்தது. 2025 ஓகஸ்ட் முதல் அங்கே பெற்றோலிற் கட்டாயக் கலப்பு 30 வீதம். இதனைச் சுட்டிக் காட்டுவோர் ஒன்றை மறக்கிறார்கள்: பிரேசில் எரிபொருளை மட்டும் மாற்றவில்லை, எஞ்சினையும் உடன் மாற்றியது. அதற்கு அந்நாடு ஒரு தலைமுறைக் காலம் எடுத்துக்கொண்டது.

பாரதமோ 2030 ஆம் ஆண்டுக்கென வைத்திருந்த 20 வீத இலக்கை முன்தள்ளி 2025 ஆம் ஆண்டிலேயே எட்டியது. அது பெருஞ் சாதனையே. எனினும், 20 வீதக் கலப்புக்கென அமைந்த வண்டிகள் 2023 ஏப்ரல் முதற்கொண்டே அங்கே பரவலாக விற்கப்பட்டன. அதற்கு முன் வாங்கியவர்கள் நிலையம் நிலையமாகத் தேடியும் கலப்பற்ற சாதாரணப் பெற்றோலைக் காண்பது அரிதாயிற்று. அதனையும் விற்க வேண்டுமெனக் கோரிய மனுவை 2025 செப்ரெம்பர் 1 ஆந் திகதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மதுசாரம் நன்றா தீதா என்பதினும், தெரிவு செய்யும் உரிமை இல்லையே என்பதே அங்கு எழுந்த முறைப்பாட்டின் சாரம்.

ஒரு துளி நீர்

இதுவரை தரையைப் பற்றியே பேசினேன். இனிக் கடலுக்கு வருவோம்.

விவாதம் நிகழ்ந்த மறுவாரம் ஆய்வுகூடத்தில் மாணவர்களுடன் ஒரு சிறு பரிசோதனை செய்தேன். சுவாலை எதுவும் அருகில் இல்லாதவாறு பார்த்துக்கொண்டு, அடைப்புள்ள அளவுசாடி ஒன்றில் 90 மில்லிலீற்றர் பெற்றோலும் 10 மில்லிலீற்றர் நீரகற்றிய எதனோலும் விட்டுக் குலுக்கினோம். இரண்டும் ஒன்றாகித் தெளிந்து நின்றன. பின் துளித்துளியாக நீர் விட்டோம். முதற் சில துளிகள் போன இடந் தெரியவில்லை. மதுசாரம் அவற்றைத் தன்னுள் இழுத்துக்கொண்டது. ஒரு மில்லிலீற்றர் நிறையுமுன்னரே சாடி பாலாய்க் கலங்கிற்று. சிறிது பொறுத்துப் பார்த்தபோது அடியில் ஒரு புதிய படை தோன்றியிருந்தது. நாங்கள் விட்ட நீரைவிட அது பன்மடங்கு பெரிது. "சேர், தண்ணீர் எப்படிப் பெருகியது?" என்று ஒரு மாணவன் கேட்டான். நீர் பெருகவில்லை, நீர் மதுசாரத்தைத் தன்னோடு கீழே கொண்டு போய்விட்டது. மேலே எஞ்சியது ஒக்ரேன் குன்றிய பெற்றோல். கீழே கிடப்பது எஞ்சினில் எரிய மறுக்கும் மதுசார நீர்.

10 வீதக் கலப்புப் பெற்றோல் ஏறத்தாழ அரை வீத நீரையே தாங்கும். கலப்பு விகிதம் கூடினாற் தாங்கும் அளவும் கூடும். குளிர் கூடினாற் குறையும். காரின் தாங்கி மூடியது. வாரந்தோறும் காலியாகி நிறைவது. ஆகவே காருக்கு இது பெருந் தொல்லையன்று. படகில் நிலை வேறு. அலைத் துவலையும் மழையும் கலனின் மூடியைச் சூழ்ந்தே இருக்கின்றன. பெற்றோலில் மட்டும் நீர் புகுந்தால் அது அடியிற் தங்கும்; வடியில் அதனைப் பிடித்து ஊற்றிவிடலாம். கலப்புப் பெற்றோலிலோ நீர் முதலில் மறைந்து நிற்கும். எல்லை கடந்ததும் ஒருமிக்கப் பிரியும். எஞ்சினுக்கு எரிபொருள் உறிஞ்சும் குழாய் பெரும்பாலும் தாங்கியின் அடியிலேயே இருக்கிறது. இரண்டடிப்பு எஞ்சினில் இன்னுமொரு கேடு உண்டு. உராய்வெண்ணெய் பெற்றோலோடு மேலே நின்றுவிடுதலால், அடிப்படையை உறிஞ்சிய எஞ்சின் எண்ணெயின்றி உராயும்.

இது கற்பனை அச்சமன்று. அமெரிக்காவில் 2001 ஆம் ஆண்டுக்குப் பிந்திய கார்களுக்கு 15 வீதக் கலப்பை அனுமதித்த அந்நாட்டுச் சூழற் பாதுகாப்பு நிறுவனம், படகுகளுக்கும் மோட்டார்ச் சைக்கிள்களுக்கும் அதனைத் தடைசெய்து, எண்ணெய்ப் பம்பிலேயே எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வைத்தது. வெளியிணைப்பு எஞ்சின் செய்வோரிற் பெரும்பாலோர் 10 வீதத்துடன் எல்லை வகுத்துள்ளனர். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எதனோல் கலப்புப் பரவியபோது, பழைய பைபர்கிளாஸ் தாங்கிகளின் பிசின் கரைந்து எஞ்சினுட் பசையாய்ப் படிந்த அனுபவமும் அங்குள்ள படகுக்காரருக்கு உண்டு.

"நம் சிறு படகுகள் மண்ணெண்ணெயில் அல்லவோ ஓடுகின்றன, பெற்றோற் கலப்பு அவற்றை என் செய்யும்?" என வாசகர் கேட்கலாம். நானும் அவ்வாறே எண்ணினேன். அதனை அறிய ஒரு மாலை பருத்தித்துறைப் பக்கத்துக் கரையொன்றுக்குச் சென்று, எனக்கு நெடுநாட் பழக்கமான முதியவர் ஒருவரைக் கண்டேன். வலை பொத்திக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமலே பேசினார்.

"மாஸ்ரர், மண்ணெண்ணெயில ஓடுற எஞ்சின் மண்ணெண்ணெயில ஸ்ராட் வராது. பெற்றோலில ஸ்ராட் எடுத்து, சூடேறினாப் பிறகுதான் மாத்தி விடுவம். வலையடிக்குப் போய் நிப்பாட்ட முன்னம் திரும்பவும் பெற்றோலுக்கு மாத்திப்போட்டுத்தான் நிப்பாட்டுவம். இல்லாட்டி வலை இழுத்து முடிய எஞ்சின் எழும்பாது."

"அந்தப் பெற்றோல் எவ்வளவு நாளைக்குக் காணும், அண்ணை?"

"ஒரு கான் எடுத்தால் கனநாளைக்குக் கிடக்கும். அது கொஞ்சந்தானே தேவை. ஆனா அது இல்லாட்டி ஒண்டும் இல்லை."

அவ்வளவில் என் ஐயம் நீங்கிற்று. படகிற் பெற்றோல் சிறிதளவே. அச்சிறிதளவும் பாதி நிரம்பிய கலனில், உப்புக் காற்றில், நாட்கணக்கிற் கிடக்கிறது. மதுசாரக் கலப்புக் கெடுவதற்கு இதனினும் ஏற்ற சூழல் வேறில்லை. 5 லீற்றர்க் கலன் நிறையப் 10 வீதக் கலப்பு இருந்தால், அதனைப் பிரியச் செய்ய 25 மில்லிலீற்றர் அளவு நீர், அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்கும் குறைந்த நீர் போதும். கலன் பாதியாகும்போது ஒரு கரண்டி. கரையிற் கெட்டால் மனிதன் கடலுக்குப் போகமாட்டான். கரையிலே நன்றாக எழும்பி, வலை இழுத்து முடிந்தபின், இருட்டில், காற்றெழும் வேளையிற் கெட்டால்? மாணவி கேட்டது அதைத்தான்.

டீசலும் தாவர எண்ணெயும்

பலநாட் கலங்கள் டீசலில் ஓடுவன. அவற்றுக்கு மாற்று, தாவர எண்ணெயிலிருந்து செய்யும் உயிரி டீசல். டீசல் எஞ்சினுக்கு இது அந்நியமன்று. 1900 ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது. வெறும் எண்ணெய் தடித்தது, சீறற்குழாயை அடைக்கும். அதனை இரசாயன முறையில் மெலிதாக்கியதே உயிரி டீசல். அது பழைய தாங்கியில் ஆண்டுக்கணக்கிற் படிந்த கசட்டை எல்லாம் கழற்றி வடியை அடைக்கும். நீர் சேர்ந்தாற் கிருமி வளர இடங்கொடுக்கும். ஆயினும் இவை முற்கூட்டித் தாங்கியைத் துப்புரவாக்கியும் வடியை அடிக்கடி மாற்றியும் சமாளிக்கத்தக்கவை. இந்தோனேசியா 2025 இல் டீசலில் 40 வீதக் கலப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால், அந்நாட்டிற் செம்பனைத் தோட்டங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கின்றன. நம் அரசோ 2021 ஏப்ரலிற் செம்பனையின் புதுச் செய்கையைத் தடை செய்தது. தேங்காயெண்ணெயை எஞ்சினுக்கு ஊற்றும் வசதி இந்நாட்டு அடுக்களைக்கு இல்லை.

வயலும் வயிறும்

எதனோலுக்கும் இக்கேள்வி உண்டு. பெல்வத்தை, செவனகலை, ஹிங்குராணை ஆகிய இடங்களிற் கரும்பு விளைகிறது; பாகிலிருந்து மதுசாரம் வடிக்கப்படுகிறது. 2020 ஜனவரியில் எதனோல் இறக்குமதி தடைசெய்யப்பட்டபின் உள்நாட்டு மதுசாரத்துக்கு மதிப்பு உயர்ந்தது. அது செல்லுமிடம் மதுபான வடிசாலை. சீனியிற் பெரும்பகுதியை இன்றும் நாம் கப்பலிலேயே எதிர்பார்க்கிறோம். சீனிக்கே போதாத கரும்பைப் பெற்றோலுக்கும் பங்கிடுவதெனின் நீருக்கும் நிலத்துக்கும் வழி சொல்ல வேண்டும். கரும்புக்கு வளங்கொழித்த நாடுகளே இவ்விடத்தில் இடறியுள்ளன. பிரேசிலில் 1980களின் இறுதியிற் சீனி விலை ஏறவே மதுசாரம் தட்டுப்பட்டு, மதுசாரக் கார் வாங்கியவர்கள் வரிசையில் நின்றார்கள். பாரதத்தில் 2023 டிசெம்பரிற் கரும்பு விளைச்சல் குன்றும் என அஞ்சி, கருப்பஞ்சாற்றை எதனோலுக்குத் திருப்புவதை அரசே கட்டுப்படுத்தியது. கப்பலை நம்பியிருந்தவன் மழையை நம்பியிருப்பவனாக மாறுகிறான். நம்பியிருத்தல் மட்டும் மாறவில்லை.

என் தீர்ப்பு

ஆகவே, எதனோல் நல்லதா என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வி. எரிபொருளின் தகுதி போத்தலுக்குள் இல்லை. அது எந்த எஞ்சினில் எரிகிறது, எத்தனை நாட் தேங்கிக் கிடக்கிறது, எந்தக் காற்றில் மூச்சு விடுகிறது, கெட்டால் எவன் தலையில் விடிகிறது என்பவற்றைப் பொறுத்தது. 2025 இல் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபின் வந்திறங்கும் புதிய கார்கள் 10 வீதக் கலப்பை எளிதில் ஏற்கும். 20 ஆண்டுப் பழமையான மோட்டார்ச் சைக்கிள் சற்று முனகும். மண்ணெண்ணெய்ப் படகின் சிறு பெற்றோற் கலனுக்கு அது ஒவ்வாது.

இவ்வாறிருக்க, கொள்கை வகுப்போரிற் பலர் புதிய காரில் ஏறுவோர். படகில் ஏறுவோர் அம்மேசையருகே இல்லை. நம் நாட்டில் இத்தகைய கலப்புக் கட்டாயமாகும் நாள் வருமுன், சில காரியங்கள் நடத்தல் வேண்டும். நம் கரையில் ஓடும் எஞ்சின்களிலேயே, நம் வெப்பத்திலும் ஈரத்திலும், இதனைச் சோதித்துப் பார்க்கட்டும். கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது, கடல் தொலைவிலில்லை. பம்பிலே கலப்பு வீதத்தை மூன்று மொழியிலும் எழுதி ஒட்டட்டும். கரையோரத்து நிலையங்களிற் கலப்பற்ற பெற்றோலும் தொடர்ந்து கிடைக்கட்டும். இவை பெருஞ் செலவு வேண்டும் காரியங்களல்ல.

அடுத்த தவணையில் மாணவர் மன்றத்தில் இவ்விவாதத்தை மீண்டும் வைத்திருக்கிறேன். பொருளை மட்டும் சிறிது மாற்றியுள்ளேன்: "மதுசாரம் கலந்த பெற்றோலை விற்கும் ஒவ்வொரு கரையோர நிலையத்திலும் கலப்பற்ற பெற்றோலும் விற்கப்படல் வேண்டும்." ஒட்டிப் பேச அந்த மாணவி பெயர் கொடுத்துவிட்டாள். வெட்டிப் பேச இதுவரை எவரும் முன்வரவில்லை. சென்றமுறை வென்ற மாணவனைக் கேட்டேன். அளவுசாடியின் அடியிற் படிந்த படையை நெடுநேரம் பார்த்து நின்றவன் அவன். "சேர், நான் அவளுடைய அணியிற் பேசலாமா?" என்றான்.